கிரியோன் முதலில் எங்கே போனான்? கிரேக்க அவல நாடகம் பற்றிய வாசகர் கேள்வி-பதில்

பழைய கிரேக்க அவல நாடகங்கள் கிளப்பும் கேள்விகளைப் பற்றி வன்னியின் பல இடங்களிலிருந்தும் கடிதங்கள் வந்திருந்தன. அவற்றில் சிலவற்றுக்கு இங்கே பதில் தருகிறோம். பரீட்சைக்குப் படிப்பவர்கள், மேடையேற்றுபவர்கள், சும்மா வாசிப்பவர்கள் என்று எல்லாரும் எழுதியிருப்பதால் பதில்கள் ஒரே நீளத்தில் இரா.

கேள்வி: ஈடிபஸ் மன்னன் விதியால் அழிந்தானா, தன் குணத்தால் அழிந்தானா? ஒவ்வொரு ரியூசனிலும் ஒவ்வொரு மாதிரிச் சொல்லுகினம். பரீட்சையில் எதை எழுதுவது?
— உயர்தர மாணவன், கிளிநொச்சி

பதில்: தம்பி, இரண்டில் ஒன்றை மட்டும் பிடித்து எழுதினால் விடை நொண்டும். நாடகம் அப்படிக் கட்டப்படவில்லை. கொப்பியில் மூன்று நிரல் கீறும். முதல் நிரலில் தெல்பியில் அப்பலோவின் வாக்கு சொன்னதை எழுதும்: தகப்பனைக் கொல்வாய், தாயை மணப்பாய். இரண்டாம் நிரலில் நாடகம் தொடங்க முன்பே அவன் செய்து முடித்தவை வரட்டும்: வாக்குக்குப் பயந்து தான் வளர்ந்த கொரிந்துக்குத் திரும்பாமல் விட்டது, மூன்று பாதை கூடும் சந்தியில் ஒரு கிழவரையும் (அவரே தீப்ஸ் அரசன் லாயஸ், அவனைப் பெற்ற தகப்பன்) கூட வந்தவர்களையும் கொன்றது, ஸ்பிங்ஸ் என்ற அரக்கியின் விடுகதையை அவிழ்த்தது, தீப்ஸின் அரசியை (அவளே தாய்) மணந்தது. மூன்றாம் நிரலுக்கு உரியது, மேடையில் எங்கள் கண்முன்னால் அவன் செய்வது. அங்கே கொலையும் இல்லை, கலியாணமும் இல்லை. ஒரே நாளில் நடந்து முடிகிற ஒரு விசாரணைதான் இருக்கிறது.

பிழைக்கிற விடைகள் பெரும்பாலும் முதல் நிரலையும் மூன்றாம் நிரலையும் குழைத்துவிடுகின்றன. கொள்ளைநோய் தீர வேண்டுமானால் லாயஸைக் கொன்றவனை அகற்று என்று தெல்பி சொன்னது உண்மை. ஆனால் விசாரணையின் நடுவழியில் கேள்வியே மாறிவிடுகிறது. ‘லாயஸைக் கொன்றது யார்?’ என்று தொடங்கியவன், கொரிந்துத் தூதன் வந்தபின் ‘நான் யாருடைய பிள்ளை?’ என்று கேட்கிறான். இதைக் கேள் என்று எந்தத் தெய்வமும் அவனுக்குச் சொல்லவில்லை. மாறாக, மூன்று பேர் தடுக்கிறார்கள். குருட்டுத் தீர்க்கதரிசி டைரீசியஸ் வாய் திறக்க மறுத்து, என்னை வீட்டுக்குப் போகவிடு என்கிறார். அரசி யொகாஸ்டா இனித் தேடாதே என்று மன்றாடுகிறாள். கிழட்டு இடையன் இதற்குமேல் கேட்காதே எஜமானே என்கிறான். மூவரையும் மீறிக் கேட்கிறவன் ஈடிபஸ். அவனைக் கெடுத்ததும் அவனை மதிக்க வைப்பதும் இந்த ஒரே பிடிவாதம்தான்.

அடுத்த பொறி, ‘முன்கோபமே அவன் குறை’ என்பது. சந்தியில் முதலில் தள்ளியது கிழவரின் தேரோடு வந்தவர்கள். கிழவர் தாற்றுக்கோலால் தலையில் அடித்த பிறகுதான் அவன் திருப்பி அடித்துக் கொல்கிறான். கோபம் அந்தக் கொலை எப்படி நடந்தது என்பதை விளக்கும். வாக்கு ஏன் பலித்தது என்பதை விளக்காது. சாந்தமான ஈடிபஸுக்கும் அந்த வாக்கு வேறொரு சந்தியில் பலித்திருக்கும். அரிஸ்ரோட்டிலும் ஈடிபஸைக் கெட்டவன் என்று சொல்லவில்லை. மிக உத்தமனும் அல்லாத, கயவனும் அல்லாத ஒருவன் ஒரு பெரும் பிழையால் விழுவதே நல்ல கதை என்று சொல்லி, அதற்கு உதாரணமாகத்தான் அவன் பெயரை எடுக்கிறார்.

இனித்தான் உண்மையான தத்துவக் கேள்வி வருகிறது. தெரியாமல் செய்ததற்கு ஒருவன் பொறுப்பாவானா? ஏதென்ஸ்காரர் இதை அறியாதவர்கள் அல்லர். கி.மு. 7ஆம் நூற்றாண்டின் டிரேக்கோ சட்டமே வேண்டுமென்று செய்த கொலையையும் தவறுதலாக நேர்ந்த கொலையையும் பிரித்தது. முதலாவதற்கு அரியோபாகஸ் மன்றம், இரண்டாவதற்குப் பலாடியன், நியாயமான கொலை என்று வாதிடுபவனுக்கு டெல்பினியன் என்று விசாரிக்கும் இடங்களும் வேறு. ஆனால் சிந்திய இரத்தத்தின் தீட்டு அந்தப் பிரிவினையைப் பார்ப்பதில்லை. எங்கள் ஊரில் செத்தவீட்டுத் துடக்கு, நீ நல்லவனா கெட்டவனா என்று கேட்டா வருகிறது? உறவு இருந்தால் வரும். ஈடிபஸுக்கு வந்ததும் அந்த வகைதான். சட்டத்தில் வாதாட இடமிருக்கிறது, தீட்டில் இல்லை. தன் கண்களைத் தானே குத்திக்கொண்ட பிறகு, இந்த இடைவெளிக்குள் நின்றுகொண்டு அவன் ஒரு வரி சொல்கிறான்: இந்தத் துன்பங்களை நிறைவேற்றியவன் அப்பலோ, ஆனால் என் கண்ணில் அடித்த கை என்னுடையது. விதியையும் பொறுப்பையும் அவனே வேறு வேறாக எண்ணித் தருகிறான். உமது விடை இந்த வரியில் வந்து நின்றால் போதும்.

கூடுதல் புள்ளிக்கு கோவலனை ஒப்பிடலாம். கோவலன் கொலைக்குச் சிலப்பதிகாரத்தில் பழைய கணக்கு ஒன்று உண்டு. முற்பிறப்பில் பரதனாக இருந்து, சங்கமன் என்ற வணிகனை ஒற்றன் என்று பொய்யாகக் காட்டிக் கொல்வித்ததையும், அவன் மனைவி நீலி இட்ட சாபத்தையும் மதுராபதித் தெய்வம் கண்ணகிக்கு எடுத்துச் சொல்கிறது. கணக்கு நேராகிவிடுகிறது. ஈடிபஸ் நாடகத்தை எழுதிய சோபோக்கிளிஸ் அப்படி எதையும் தரவில்லை. லாயஸ் செய்த பழைய குற்றம் ஒன்றைப் பற்றிய கதை கிரேக்கரிடம் இருந்தது. இந்த நாடகத்தில் அதற்கு ஒரு வரி கூட இல்லை. ஏன் எனக்கு என்ற கேள்விக்குப் பதில் கிடைக்காமலே ஈடிபஸ் நடந்து போகிறான். பிறகு முதுமையில் சோபோக்கிளிஸ் மறுபடி அவனிடம் போனார். அவர் இறந்தபின் கி.மு. 401இல் அவருடைய பேரன் மேடையேற்றிய கொலோனஸ் நாடகத்தில், கிழட்டு ஈடிபஸ் ‘அறியாமல் செய்தேன், அடித்தவனைத் திருப்பி அடித்தேன், சட்டத்தின்முன் நான் சுத்தம்’ என்று வாதாடுகிறான். ஒரே புலவரிடமிருந்து இரண்டு விடை.

கேள்வி: அன்ரிகனியைப் பாடசாலை மேடைக்காக முக்கால் மணித்தியாலமாகச் சுருக்குகிறோம். அன்ரிகனி சரி, கிரியோன் பிழை என்பதால் கிரியோனின் நீண்ட பேச்சுகளை வெட்டலாம் என்கிறார்கள். வெட்டலாமா?
— ஆசிரியை, புதுக்குடியிருப்பு

பதில்: முதற் பேச்சை வெட்டவே வேண்டாம், ரீச்சர். (கதை தெரியாதவர்களுக்கு: சோபோக்கிளிஸின் இந்த நாடகத்தில் ஈடிபஸின் மகன் பொலினீசஸ் தீப்ஸுக்கு எதிராகப் படைகொண்டு வந்து இறக்கிறான். அவனை அடக்கக்கூடாது என்று அரசன் கிரியோன் ஆணையிட, தங்கை அன்ரிகனி அதை மீறுகிறாள்.) ஊர் என்ற கப்பல் நேராக ஓடினால்தான் நட்பும் உறவும் என்று கிரியோன் சொல்லும் அந்தப் பேச்சை, கி.மு. 343இல் ஏதென்ஸ் பேச்சாளர் டெமொஸ்தனீஸ் தன் எதிரிக்கு எதிராக வழக்குமன்றில் வாசிக்க வைத்தார், நல்ல அரசியல் அறிவுரை என்று! எதிரி ஈஸ்கினிஸ் முன்பு நடிகராக இருந்தபோது கிரியோன் வேடம் போட்டவர், அந்தப் பேச்சைப் பாடமாக்கியும் அதன்படி நடக்கவில்லை என்பது குத்தல். ஏதென்ஸ் சபையின் காதுக்கு அது கொடுங்கோலனின் பேச்சாகக் கேட்கவில்லை. அதை வெட்டினால் உங்கள் கிரியோன் உள்ளே வரும்போதே மீசை முறுக்கிய வில்லனாக வருவான். பார்ப்பவர்கள் ஐந்தாம் நிமிடத்தில் தீர்ப்பெழுதிவிடுவார்கள், மிச்ச நாற்பது நிமிடமும் வீண்.

அவன் படிப்படியாகவே பிழைக்கிறான். பிள்ளைகளுக்கு அந்தப் படிகளைக் கரும்பலகையில் எழுதிக் காட்டுங்கள். ஊரின் பாதுகாப்பு முதல் என்கிறான், அது சரி. ஊருக்கு எதிராகப் படைகொண்டு வந்தவனுக்கு ஊருக்குள் அடக்கம் இல்லை என்கிறான், அதுவும் ஏதென்ஸ் வழக்கத்துக்குத் தூரமல்ல. துரோகிகளை அத்திக்கா மண்ணில் புதைக்கவிடாத சட்டம் அங்கேயும் இருந்தது. ஆனால் அந்தச் சட்டத்தில் உடலை எல்லைக்கு வெளியே கொண்டுபோய் அடக்க வழியிருந்தது. கிரியோன் நாய்க்கும் பறவைக்குமாக ஊர்க்கண் முன்னாலேயே போட்டுவைத்து, புதைப்பவருக்குக் கல்லெறி மரணம் என்கிறான். வரம்பு முதன்முதலில் இங்கேதான் உடைகிறது. பிறகு மகன் ஹேமன் வந்து, ஒருவனுக்கு மட்டும் சொந்தமானது ஊரே அல்ல என்று முகத்துக்கு நேரே சொல்கிறான். அந்தச் சண்டை முடிந்த கையோடு கிரியோன் தண்டனையை மாற்றுகிறான்: கல்லெறி வேண்டாம், குகையில் உயிரோடு அடை, தீட்டு ஊரைப் பிடிக்காத அளவுக்குக் கொஞ்சம் சாப்பாடு வை. அந்தச் சாப்பாட்டை மேடையில் காட்டுங்கள். ஒரு சிறு பானை போதும். அவளைக் கொன்றது நான் அல்ல என்று சொல்வதற்காக வைக்கப்படுகிற பானை அது. கையில் இரத்தம் படாமல் ஆளை முடிப்பது எப்படி என்று அதிகாரம் யோசிக்கிற விதம் முழுக்க அதற்குள் இருக்கிறது.

கடைசிப் படியைத்தான் சுருக்கப் பிரதிகள் எப்போதும் தொலைக்கின்றன. டைரீசியஸ் வெருட்டிய பிறகு கிரியோன் மனம் மாறி, என்ன செய்ய என்று கேட்கிறான். கோரஸ் என்ற பாடற்குழுவாக நிற்கும் முதியவர்கள் தெளிவாகச் சொல்கிறார்கள்: முதலில் குகையிலிருந்து பெண்ணை விடு, பிறகு கிடப்பவனுக்குக் கல்லறை கட்டு. கிரியோன் அந்த ஒழுங்கைத் தலைகீழாக்குகிறான். முதலில் பொலினீசஸின் மிச்ச உடலைக் கழுவி, எரித்து, மண்மேடு கட்டிவிட்டுத்தான் குகைக்குப் போகிறான். அதற்குள் அவள் தூக்கில். செத்தவனுக்குச் செய்ய வேண்டியதைச் செய்தபடியே உயிரோடிருப்பவளை இழக்கிறான். தொடக்கத்தில் உயிரோடிருப்பவர்களின் பெயரால் செத்தவனை அவமதித்தவனும் இவனேதான். தூதனின் பேச்சில் இந்த ஒழுங்கு காதில் விழ வேண்டும். அதை எட்டு வரியாகச் சுருக்கினாலும் ‘முதலில்’, ‘பிறகு’ என்ற இரண்டையும் விட்டுவிடாதீர்கள்.

ஹெகல் என்ற ஜேர்மன் தத்துவவாதி இதை இரண்டு நியாயங்களின் மோதல் என்றார்: குடும்பத்தின் நியாயம் ஒன்று, அரசின் நியாயம் ஒன்று, இரண்டும் அரைகுறை. நாடகத்தின் முதற்பாதிக்கு அது அழகாகப் பொருந்தும். பிற்பாதிக்குப் பொருந்தாது என்பது எங்கள் எண்ணம். பலிபீடங்களில் நெருப்பு ஏறவில்லை, தெய்வங்கள் காணிக்கையை ஏற்கவில்லை, கடைசியில் கிரியோனே தன் ஆணையைக் கைவிடுகிறான். தராசு சமமாக நிற்கவில்லை.

அதற்காக அன்ரிகனியைப் புனிதையாக்கிவிடவும் வேண்டாம். தங்கை இஸ்மேனி குற்றத்தில் பங்கு கேட்டு வரும்போது அவளை வெட்டி எறிகிறாள். சாகப் போகுமுன், கணவனுக்காகவோ பிள்ளைக்காகவோ இதைச் செய்திருக்கமாட்டேன், தாயும் தகப்பனும் இல்லாதபடியால் இன்னொரு சகோதரன் இனிப் பிறக்கமாட்டான், அதனால்தான் செய்தேன் என்கிறாள். கவிஞர் கேத்தே, இந்த வரிகள் இடைச்செருகல் என்று யாராவது நிரூபித்தால் நல்லது என்று ஆசைப்பட்டார். அரிஸ்ரோட்டிலே இதை மேற்கோள் காட்டியிருப்பதால் அந்த ஆசை நிறைவேறுவது கடினம். எல்லாருக்குமான தெய்வச் சட்டம் என்று பேசியவள் கடைசியில் ஒரே ஒரு அண்ணனுக்காக என்று வந்து நிற்கிறாள். பதினாறு வயதுப் பிள்ளை ஒன்று நடிக்கும்போது இந்த வரிகள் மற்ற எல்லாவற்றையும் விட நன்றாக எடுபடும், வெட்டாதீர்கள்.

எதைத்தான் வெட்டுவது? இடையில் வரும் பழைய புராணப் பெயர்கள் நிறைந்த பாடல்களை ஒவ்வொரு சரணமாகக் குறைக்கலாம். காவலாளியின் இழுவையையும் பாதியாக்கலாம். அடக்கம் என்பது மேடையில் நடப்பதில்லை, சொல்லப்படுவது: முதன்முறை மெல்லிய புழுதித் தூவல், இரண்டாம் முறை புழுதியும் வெண்கலச் செம்பிலிருந்து மூன்று வார்ப்பும். மண்வெட்டியோடு குழி தோண்டும் காட்சி சேர்க்கும் ஆசை வரும். ஒரு பிடி புழுதிக்கு மரணதண்டனை என்பதுதான் கதையின் கூர், குழி வந்தால் அது மழுங்கிவிடும். இன்னொன்று, 1353 வரியில் 943ஆம் வரியோடு அன்ரிகனி போய்விடுகிறாள், திரும்ப வருவதில்லை. மிச்சம் கிரியோனின் நாடகம். அந்தப் பகுதிக்குப் பன்னிரண்டு நிமிடமாவது ஒதுக்குங்கள்.

கேள்வி: உடலே கிடைக்காதவர்களுக்கு அந்தக் காலத்தில் என்ன செய்தார்கள்? அதைப் பற்றி நாடகம் எதுவும் உண்டா?
— ஒரு தாய், முல்லைத்தீவு

பதில்: அம்மா, போரில் இறந்தவர்களுக்கு ஏதென்ஸ் எடுத்த பொது இறுதிச்சடங்கை வரலாற்றாசிரியர் துசிடைடிஸ் எழுதி வைத்திருக்கிறார். ஒவ்வொரு குலத்துக்கும் ஒரு சைப்பிரஸ் மரப்பெட்டியாக எலும்புகளை வண்டியில் ஏற்றிச் செல்வார்கள். அவற்றோடு, தேடியும் கிடைக்காதவர்களுக்காக விரிப்பு விரித்த வெறும் பாடை ஒன்றும் தூக்கிச் செல்லப்படும். உடல்களை எடுப்பது எவ்வளவு பெரிய கடமை என்பதற்கு இன்னொரு சான்று: கி.மு. 406இல் ஆர்கினூசே கடற்போரில் ஏதென்ஸ் வென்றது. ஆனால் புயலில் தத்தளித்தவர்களையும் இறந்தவர்களையும் எடுக்கத் தவறினார்கள் என்று எட்டுத் தளபதிகளுக்கு மரணதண்டனை விதித்து, கையில் அகப்பட்ட ஆறு பேரைக் கொன்றார்கள். வென்ற தளபதிகளை! அந்த வழக்கு நடந்த முறை சட்டத்துக்கு மாறானது என்று மறுத்து நின்றவர் சோக்கிரட்டீஸ். கடமை பெரிது என்பதால் நீதி கோணலாமா என்பது அவர் பக்கத்துக் கேள்வி.

யூரிப்பிடிஸின் ‘இரந்து நிற்கும் பெண்கள்’ முழுக்க முழுக்கத் தாய்மாரின் நாடகம். தீப்ஸைத் தாக்கி அதன் வாசலில் விழுந்த தளபதிகளின் உடல்களைத் தீப்ஸ்காரர் தர மறுக்கிறார்கள். தாய்மார் எலியூசிஸ் கோயில் பலிபீடத்தைச் சுற்றி இருந்துவிட்டு எழும்ப மறுக்கிறார்கள். ஏதென்ஸ் அரசன் தீசியஸ் முதலில் முடியாது என்கிறான். அவனை மாற்றுவது அவனுடைய தாய் ஈத்ரா. போரிட்டு மீட்ட உடல்களை அவன் தன் கையால் கழுவுகிறான். ஆனாலும் சிதைந்துபோன அந்த முகங்களைத் தாய்மார் பார்க்க விடுவதில்லை; சாம்பலைத்தான் அவர்கள் கையில் தருகிறார்கள். திரும்பக் கிடைப்பதும் முழுதாகக் கிடைப்பதில்லை என்பதை யூரிப்பிடிஸ் மறைக்கவில்லை.

வெறும் பாடை, இறந்தது உறுதியான பிறகு எடுக்கப்படுவது. இருக்கிறாரா இல்லையா என்றே தெரியாத நிலைக்கு சோபோக்கிளிஸின் எலெக்ரா நாடகத்தை வாசியுங்கள். தம்பியின் சாம்பல் என்று சொல்லி ஒரு குடத்தைக் கொண்டுவந்து அவள் கையில் கொடுக்கிறார்கள். அதைக் கட்டிப்பிடித்து அவள் அழுகிறாள். தம்பி ஒரெஸ்டிஸ் உயிரோடு அவள் முன்னாலேயே நிற்கிறான்; குடத்துக்குள் அவன் இல்லை. ஆதாரம் காட்டாமல் ஒரு மரணத்தை ஒருவர் கையில் திணித்தால் அது என்ன செய்யும் என்பதை இதைவிடக் கூர்மையாகக் காட்டிய காட்சி அந்த அரங்கில் இல்லை. 2017 பெப்ரவரியில் கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளைக் கேட்டு வீதியோரம் அமர்ந்த தாய்மாரில் பலர் மரணச் சான்றிதழை ஏன் தொட மறுத்தார்கள் என்று கேட்பவர்களிடம் இந்தக் குடத்தைக் காட்டலாம்.

கேள்வி: எங்கள் இழப்புகளை நேரடியாக மேடையேற்றலாமா? சிலர் காயத்தைக் கிளறாதே என்கிறார்கள், சிலர் அழுதால்தான் ஆறும் என்கிறார்கள்.
— நாடக நெறியாளர், வவுனியா

பதில்: இந்தச் சண்டை 2500 வருடப் பழையது. கி.மு. 494இல் ஏதென்ஸின் உறவு நகரான மிலீற்றஸைப் பாரசீகர் அழித்தார்கள். ஃபிரினிக்கஸ் என்ற புலவர் அதையே நாடகமாக்கினார். அரங்கு முழுவதும் அழுதது. சொந்தத் துயரத்தை நினைவூட்டினார் என்று அவருக்கு 1000 திராக்மா தண்டம் விதித்து, அந்த நாடகத்தை இனி யாரும் போடக்கூடாது என்றும் கட்டளையிட்டார்கள் என்று வரலாற்றாசிரியர் ஹெரடோட்டஸ் எழுதுகிறார். அந்த நூற்றாண்டின் பிற்பகுதியில் ஒரு திராக்மா ஒரு நல்ல தொழிலாளியின் நாட்கூலி. அவ்வளவு பெரிய தொகை.

ஆனால் கி.மு. 472இல் ஈஸ்கிலஸ் ‘பாரசீகர்’ நாடகத்தைப் போட்டுப் பரிசு வாங்கினார். கிரேக்கர் பாரசீகரை வென்ற சலாமிஸ் கடற்போர் முடிந்து எட்டே வருடம். பார்க்க வந்தவர்களில் பலர் அந்தப் போரில் துடுப்பு வலித்தவர்கள். தண்டம் இல்லை, தடை இல்லை. என்ன வித்தியாசம்? களத்தைப் பாரசீகத் தலைநகருக்குக் கொண்டுபோனார். போர் தூதனின் வாயால் வருகிறது. ஒரு கிரேக்க வீரனின் பெயர் கூட நாடகத்தில் இல்லை. மேடையில் அழுகிறவர்கள் எதிரியின் தாயும் எதிரியின் கிழவர்களும். வென்றவர்களை உட்காரவைத்து, தோற்றவனின் செத்தவீட்டைப் பார்க்க வைத்தார். தன் இழப்பும் அதற்குள் தெரியும், ஆனால் ஒரு தூரத்திலிருந்து.

பிளேட்டோ இந்த அழுகையை நம்பவில்லை. பிறர் துன்பத்துக்கு மேடையில் அழுது பழகினால் சொந்தத் துன்பத்தில் நிமிர முடியாது என்பது அவர் வாதம். இரக்கத்தையும் அச்சத்தையும் கிளப்பியே அவற்றிலிருந்து ஒரு தெளிவு வருகிறது என்றார் அரிஸ்ரோட்டில். அது எப்படி என்பதை அவர் விளக்காமல் போனதால் அறிஞர்கள் இன்னும் அடிபடுகிறார்கள். மேடைக்காரருக்கு உதவுவது அவருடைய இன்னொரு கருத்து: அச்சமும் இரக்கமும் கதைக் கட்டிலிருந்து வரவேண்டும், காட்சிப் பகட்டிலிருந்து வருவது தரம் குறைந்தது.

ஆகவே மேடையேற்றலாம், ஆனால் சில கட்டுப்பாடுகளோடு. குண்டுச் சத்தம், இரத்தச் சாயம், உண்மைப் படங்கள் மூன்றையும் தவிருங்கள். அவை வந்தால் பார்ப்பவர் நாடகத்தை விட்டு வெளியேறித் தன் நினைவுக்குள் தனியாகப் போய்விடுவார். பக்கத்தில் இருப்பவரோடு சேர்ந்து பார்ப்பது என்பது அறுந்துவிடும். கொடுமையை ஒரு தூதனிடம் கொடுங்கள்: அசையாமல் நின்று, ஐந்து நிமிடத்துக்கு மேற்படாமல், நடந்த ஒழுங்கிலேயே சொல்லட்டும். நடிகர்களின் சொந்தச் சாவுகளைப் பயிற்சிக்கு எரிபொருளாக்கவே வேண்டாம். போலஸ் என்ற கிரேக்க நடிகர் எலெக்ரா வேடத்தில் குடத்தைத் தூக்கியபோது அதற்குள் தன் இறந்த மகனின் சாம்பலைக் கொண்டுவந்திருந்தார் என்று ஒரு பழைய குறிப்பு உண்டு. அதைப் பெரிய கலை என்று மெச்சுகிறவர்கள் உண்டு. நாங்கள் மெச்சவில்லை. பள்ளிப் பிள்ளைகளிடம் அதைக் கேட்கும் நெறியாளர் குழுவை உடைத்துவிடுவார்.

கேள்வி: கூத்தில் பிற்பாட்டுக்காரர் கதைக்கு வெளியே நிற்பார்கள். கிரேக்கக் கோரஸ் கதைக்குள் நின்றும், கொலை நடக்கும்போது ஏன் சும்மா நிற்கிறது?
— கூத்து அண்ணாவியார், முள்ளியவளை

பதில்: அண்ணாவியார் கேட்டது சரியான இடம். ஈஸ்கிலஸின் அகமெம்னன் நாடகத்தில் (கி.மு. 458) கோரஸ் பன்னிரண்டு ஆர்கோஸ் கிழவர்கள். மனைவி கையால் கொல்லப்படும் அரசன் அகமெம்னனின் ஓலம் உள்ளேயிருந்து இரண்டு முறை கேட்கிறது. அதுவரை ஒரே குரலாகப் பாடியவர்கள் அப்போது உடைகிறார்கள். பன்னிரண்டு பேரும் ஆளுக்கு இரண்டு வரி பேசுகிறார்கள். ஊரைக் கூப்பிடுவோம் என்கிறார் ஒருவர். இப்போதே உள்ளே பாய்வோம் என்கிறார் அடுத்தவர். பேச்சால் செத்தவனை எழுப்ப முடியாது என்கிறார் இன்னொருவர். முடிவில், உறுதியாகத் தெரியாமல் எதுவும் செய்ய வேண்டாம் என்று தீர்மானிக்கும்போது கதவு திறக்கிறது, உடல்கள் வெளியே வருகின்றன. கிழவர்கள், பலமில்லை என்று சமாதானம் சொல்ல இயலாது. கொஞ்சம் கழித்து கொலைச் சதியில் கூட்டாளியான ஏஜிஸ்தஸை எதிர்த்துச் சண்டைக்கு நிற்பவர்களும் இவர்களே. கைகளைக் கட்டியது வயது அல்ல, ஆலோசனை. நிச்சயம் தெரிந்தபிறகு செய்வோம் என்று நிற்பதும் ஒரு செயலா என்பதுதான் கேள்வி.

களரியில் செய்வதானால் பன்னிரண்டு பேரையும் வட்டத்தில் பரப்பி, முகம் வெவ்வேறு திசைக்கு வையுங்கள். மத்தளத்தை முதல் ஓலத்தோடு நிறுத்திவிடுங்கள். ஒருவர் முடிக்க மற்றவர் உடனே எடுக்க வேண்டும். 24 வரியும் இரண்டு நிமிடத்துக்குள். எல்லாரும் ஒன்றாகக் கத்தினால் சொல் விளங்காது, சனம் சிரிக்கும். இடைவெளி விட்டால் தூக்கம் வரும். சோபோக்கிளிஸ் காலத்தில் கோரஸ் பதினைந்தாகியது, ஆனால் இந்தக் காட்சிக்குப் பன்னிரண்டே கணக்கு.

கேள்வி: மெடியா பெற்ற பிள்ளைகளைக் கொன்றதை யூரிப்பிடிஸ் நியாயப்படுத்துகிறாரா?
— வாசகி, செட்டிகுளம்

பதில்: இல்லை. ஆனால், தன்னைக் கைவிட்ட கணவனைப் பழிவாங்கக் கொன்ற அவளைத் தண்டிக்கவும் இல்லை. சூரியன் அனுப்பிய தேரில் அவள் போய்விடுகிறாள். கி.மு. 431இல் அவருடைய நாடகங்களுக்கு மூன்றாம் இடம்தான் கிடைத்தது, மூன்று பேர் போட்டியில். கவனிக்க வேண்டியது கொலைக்கு முன் அவள் சொல்வது: நான் செய்யப்போவது எவ்வளவு கொடியது என்று எனக்குத் தெரியும், ஆனால் என் சினம் என் யோசனையை விட வலியது. தெரிந்துகொண்டு யாரும் தீமை செய்வதில்லை, தீமையெல்லாம் அறியாமையே என்பது பிளேட்டோ காட்டும் சோக்கிரட்டீஸின் கொள்கை. அறிவு குறையாத ஒருத்தியை மேடையில் நிறுத்தி, அந்தக் கொள்கை தாங்காத இடத்தை இந்த வரி காட்டிவிடுகிறது.

கேள்வி: எல்லாம் சாவிலேதானா முடியும்? பழிக்குப் பழி என்பதற்கு ஒரு முடிவு எந்த நாடகத்திலாவது உண்டா?
— வாசகர், மடு

பதில்: எல்லாம் அப்படியல்ல. அயோன், ஹெலன், தௌரிஸில் இபிஜீனியா மூன்றும் பிரிந்தவர் சேர்வதில் முடிபவை. பழிக்கு முடிவு என்றால் அகமெம்னன் கதையின் மூன்றாம் பாகம், யூமினிடிஸ். தகப்பன் அகமெம்னனைக் கொன்றதற்காகத் தாயைக் கொன்ற ஒரெஸ்டிஸைப் பழித்தேவதைகள் துரத்த, ஏதென்ஸின் தெய்வம் அதீனா ஏதென்ஸ் குடிமக்களைக் கொண்டு ஒரு மன்று அமைக்கிறாள். வாக்குகள் சமம், சமமானால் விடுதலை. இங்கே பலர் ‘நீதி வென்றது’ என்று மூடிவிடுவார்கள். சமம் என்றால் பாதிப்பேர் அவன் குற்றவாளி என்று வாக்களித்திருக்கிறார்கள் என்பதுதானே அர்த்தம்? தீர்ப்போடு நாடகம் முடியவும் இல்லை. தோற்ற தேவதைகள் நிலத்தை நஞ்சாக்குவோம் என்று நிற்க, அதீனா சலிக்காமல் திரும்பத் திரும்பப் பேசி அவர்களுக்கு ஊருக்குள்ளேயே குடியிருப்பும் வழிபாடும் தருகிறாள். இடியின் சாவி தன் கையில் இருப்பதை ஒருமுறை நாசூக்காகச் சொல்லவும் செய்கிறாள். தீர்ப்பு ஒரு வேலை, தோற்றவரின் கோபத்துக்கு இடம் தருவது இன்னொரு வேலை. இரண்டாவதைச் செய்யாத விசாரணை எதுவும் அங்கே முடிந்ததாகக் காட்டப்படவில்லை.

கேள்வி: வாசிப்பு வட்டம் ஒன்று தொடங்கியிருக்கிறோம், பத்துப் பேர். எந்த நாடகத்தில் தொடங்கலாம்?
— துணுக்காய்

பதில்: பிலொக்டீடிஸ். சோபோக்கிளிஸ் கி.மு. 409இல் முதற்பரிசு பெற்றது, 1471 வரி, யாரும் சாவதில்லை, முக்கிய பாத்திரம் மூன்றுதான். காலில் ஆறாத புண்ணோடு ஓலமிடுகிறான், நாற்றம் தாங்க முடியவில்லை என்று ஒருவனை லெம்னோஸ் தீவில் படையே விட்டுவிட்டுப் போகிறது. பத்து வருடம் கழித்து அவனும் அவன் வில்லும் இல்லாமல் துரோய் விழாது என்று தெரிய, ஏமாற்றிக் கூட்டிவர ஒடிசியஸ் ஓர் இளைஞனை அனுப்புகிறான். ஊருக்கு நன்மை என்றால் பொய் சொல்லலாமா? எறிந்துவிட்ட ஆளைத் தேவை வந்ததும் கூப்பிட உரிமை உண்டா?

மூன்று பேர் பாத்திரங்களை வாசிக்கட்டும், மற்றவர்கள் கோரஸ். உரத்து வாசியுங்கள், மௌனமாக வாசித்தால் புண்ணின் நோவு வரும் இடம் வெறும் ‘ஐயோ’ எழுத்துகளாகத்தான் தெரியும். இரண்டு அமர்வுக்குப் பிரியுங்கள். வில் இளைஞன் கைக்கு வந்து, நோயாளி நித்திரையாகி எழும்பியதும், ‘இனி நான் என்ன செய்ய?’ என்று அந்த இளைஞன் தடுமாறும் இடத்தில் முதல் அமர்வை நிறுத்துங்கள். வில்லைத் திருப்பிக் கொடுப்பதா, கொண்டுபோவதா என்று ஆளுக்கொரு துண்டில் எழுதிப் பெட்டியில் போடச் சொல்லுங்கள். இரண்டாம் அமர்வில் முழுவதையும் வாசித்து முடித்தபின் பெட்டியைத் திறவுங்கள். தெய்வமாகிவிட்ட வீரன் ஹெரக்கிளிஸ் மேலேயிருந்து வந்து எல்லாவற்றையும் முடித்துவைப்பது பலருக்குப் பிடிக்காது. அதைப் பற்றிய விவாதத்துக்கு அரை மணித்தியாலம் தனியாக வையுங்கள்.